மகளிர் வாக்குரிமைக்கு வித்திட்ட மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடியின் வாயிலில் ஆடவர்க்கு ஒரு வரிசையும் பெண்டிர்க்கு ஒரு வரிசையுமாக மக்கள் நிற்பதைக் காண்கிறோம். பழகிய காட்சியாதலின் அதனை வியந்து நோக்குவார் எவருமிலர். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்வரை, சட்டசபைத் தேர்தலில் அந்த இரண்டாவது வரிசை நம் நாட்டில் எங்குமே இருந்ததில்லை. அது தானாக உண்டானதன்று. மனு எழுதியும், கூட்டம் கூட்டியும், மறுப்பைக் கேட்டு மனம் தளராது மீண்டும் மனு எழுதியும் சில பெண்மணிகள் அதனை உண்டாக்கினர். அவர்களுள் முன்னின்றவர் நம் நாட்டிற் பிறந்தவரல்லர், அயர்லாந்து நாட்டினர். எனினும் தம் வாழ்நாளிற் பாதிக்கு மேல் இந்நாட்டிற்கே அளித்து, சென்னை அடையாற்றில் மறைந்தவர். மார்கரெட் கசின்ஸ் என்னும் அப்பெருமாட்டியின் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாகத் தாய்மார்க்கும் இளைய தலைமுறையினர்க்கும் சுருக்கமாக எடுத்துரைப்பதே எளியேனின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்து அக்காலத்தில் நம் நாட்டைப் போன்றே ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டில் பாயில் என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் மார்கரெட் பிறந்தார். தந்தையார் ஜோசப் கில்லெஸ்பி என்பார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். பிள்ளைகள் 15 பேர். அவர்களுள் மார்கரெட்டே மூத்தவர். பெரிய குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறப்பவள் தாய்க்கு வலக்கையாகவும் தம்பி தங்கையர்க்கு இரண்டாம் தாயாகவும் ஆகிவிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. அத்தகைய வீட்டிலிருந்து உதவித்தொகை பெற்று டெர்ரி நகரப் பள்ளியிற் பயின்று, பின்னர் டப்ளின் நகரம் சென்று இசைக் கல்வி கற்று, 1902-இல் இசைத்துறையில் பட்டம் பெற்றார் என்றால், அவர்தம் ஊக்கத்தை என்னென்பது!

1903-இல் ஜேம்ஸ் கசின்ஸ் என்பாரை மணந்தார். ஜேம்ஸ் கவிஞர், பள்ளி ஆசிரியர். இருவரும் புலால் உண்ணாமையை மேற்கொண்டனர். ஐம்பது ஆண்டுகள் இவர்கள் ஒருவர் பணிக்கு ஒருவர் துணையாக நின்ற பாங்கு, இல்லறத்தார் அனைவர்க்கும் எடுத்துக்காட்டாகும்.

போராட்டமும் சிறைவாசமும்

1906-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய மாதர் மாநாடு ஒன்றிற்கு மார்கரெட் சென்றார். அங்குக் கேட்ட செய்திகள் அவர் உள்ளத்தைத் தைத்தன. உலகில் நியூசிலாந்து நாடு 1893-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்துவிட்டது. உலகாண்ட பிரிட்டனிலோ, பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கப் பெண்களுக்கு உரிமையில்லை. வரி செலுத்தும் பெண்ணும், பட்டம் பெற்ற பெண்ணும் அதில் அடக்கம். இதனைப் பொறாத மார்கரெட், ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டன் முதலிய தோழியருடன் 1908-இல் ஐரிஷ் மகளிர் வாக்குரிமைக் கழகத்தை நிறுவினார்.

அக்கழகத்தார் ஊர் ஊராகச் சென்று பேசினர். கேலியும் கூச்சலும் அவர்களுக்குக் கிடைத்த பரிசுகள். மசோதாக்கள் வந்தன, ஒன்றும் சட்டமாகவில்லை. 1910-இல் லண்டன் மாநகரில் நடந்த கிளர்ச்சியிற் கலந்து கொண்டு, அமைச்சர் இல்லத்துச் சாளரக் கண்ணாடிகளை உடைத்த குற்றத்திற்காக மார்கரெட் ஒரு மாதம் ஹாலோவே சிறையில் அடைபட்டார். 1913-இல் டப்ளின் கோட்டையின் கண்ணாடிகளை உடைத்து மீண்டும் சிறை புகுந்தார். அரசியற் கைதிகளாகத் தம்மை நடத்த வேண்டும் என்று டல்லமோர் சிறையில் அவரும் தோழியரும் உண்ணா நோன்பு இருந்து, தம் கோரிக்கையில் வெற்றியும் கண்டனர்.

கண்ணாடி உடைத்தல் தகுமா என்னும் கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழலாம். ஆனால் இந்தியாவிற்கு வந்த பின்னர் அம்மையார் ஒரு கண்ணாடியையும் உடைக்கவில்லை. இங்கே அவர் எடுத்த கருவி எழுதுகோல்.

இந்திய மண்ணில்

அன்னி பெசண்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுக் கசின்ஸ் தம்பதியர் 1915-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்தனர். விரைவிலேயே ஜேம்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியரானார். மதனப்பள்ளி நம் பெங்களூருக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊராகும். அவ்வூரில் வீட்டை விட்டு வெளிவராத பெண்களை ஓரிடத்தில் கூட்டி, பேசவும் படிக்கவும் பழக்கும் ஒரு சங்கத்தை மார்கரெட் அமைத்தார்.

அடையாற்றில் தமிழ் மாதர் சங்கம் என்றொரு சிறு சங்கம் ஏற்கெனவே இருந்து வந்தது. இலங்கையரான ஜினராஜதாசரின் துணைவியார் டோரதி அம்மையார் மதனப்பள்ளிச் சங்கத்தைக் கண்டு மகிழ்ந்து, இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் வேண்டும் என விழைந்தார். அதன் பயனாக 1917-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசண்ட் தலைவர். மார்கரெட் செயலாளர்களுள் ஒருவர். ஸ்திரீ தர்மம் என்னும் இதழையும் அச்சங்கம் நடத்தியது. அதில் ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்திக் கட்டுரைகளும் இடம் பெற்றன. ஆங்காங்குக் கிளைகள் கிளைத்தன. ஒரு சிறு சங்கத்திலிருந்து எத்துணைப் பெரிய காரியம் விளையக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திருப்பி எழுதிய மனு

1917-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய மந்திரி மாண்டேகு துரை, இந்தியாவிற்கு அளிக்க வேண்டிய அரசியற் சீர்திருத்தங்களை ஆராய இங்கு வந்தார். பல தரப்பினரும் அவரைக் காண மனுச் செய்தனர். பெண் கல்வி முதலிய சமூக நலன்கள் பற்றிப் பெண்களின் தூதுக்குழு ஒன்று அவரைக் காண வேண்டும் என்று மார்கரெட் எழுதினார். அரசியல் பற்றிய தூதுக்குழுக்களை மட்டுமே மந்திரி சந்திப்பார் என்று விடை வந்தது.

அலுவலகங்களில் வேலை பார்ப்போர்க்கு இத்தகைய விடை புதிதன்று. பொருள் பொருந்தாது என்று மனு திரும்பினால் பலர் அதனைக் கோப்பில் வைத்து மூடிவிடுவர். அம்மையார் மூடவில்லை. அரசியல்தான் வேண்டுமெனில் அரசியலே கேட்போம் என்று துணிந்து, புதிய வாக்காளர் தகுதிகளை வகுக்கும்போது பெண்களையும் மக்கள் என்றே கொண்டு, பெண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்னும் கோரிக்கையைச் சேர்த்து மீண்டும் எழுதினார். கதவு திறந்தது.

1917 டிசம்பரில் சென்னையில் சரோஜினி நாயுடு அம்மையாரின் தலைமையில் இந்தியப் பெண்மணிகளின் தூதுக்குழு மாண்டேகுவைக் கண்டது. அன்னி பெசண்ட், டோரதி, மார்கரெட் ஆகியோருடன் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பார்சி மகளிரும் அதில் இருந்தனர். சட்டசபை வாக்குரிமை வேண்டும் என்று இந்தியப் பெண்கள் ஒன்று கூடிக் கேட்டது அதுவே முதன்முறை. அப்போது பிரிட்டனிலேயே பெண்களுக்கு அவ்வுரிமை கிட்டியிருக்கவில்லை. 1918-இல்தான், அதுவும் 30 வயது கடந்த பெண்களுக்கு மட்டும், சில தகுதிகளோடு அங்கு அது வந்தது. ஆடவர்க்கு நிகரான வாக்குரிமையை அங்குப் பெண்கள் பெற்றது 1928-ஆம் ஆண்டிலாகும்.

மறுப்பும் வெற்றியும்

வாக்காளர் தகுதியை ஆராய வந்த சௌத்பரோ குழுவினர், இந்நாட்டுச் சமூக நிலையில் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் காலம் இன்னும் கனியவில்லை என்று 1919-இல் அறிக்கை எழுதிவிட்டனர். 1918-இல் பம்பாயிற் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு பெண்களின் கோரிக்கையை ஆதரித்திருந்தும் இவ்வாறாயிற்று. இங்குள்ள சங்கங்கள் கூட்டங்கள் கூட்டிக் கண்டனத் தீர்மானங்கள் அனுப்பின. சரோஜினி, அன்னி பெசண்ட் ஆகியோர் லண்டனில் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா என்னும் பார்சிப் பெண்மணி தம் மகள் மிதானுடன் அங்குச் சென்று பலரைக் கண்டு வாதாடினார்.

முடிவில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக் கதவைத் திறந்தது. பெண்களுக்கு வாக்குரிமை தருவதா வேண்டாவா என்பதை அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானித்துக் கொள்ளட்டும் என்று அது விட்டுவிட்டது. ஆடவர் மட்டுமே அமர்ந்த சபைகளிடம் பெண்களின் உரிமை ஒப்படைக்கப்பட்டது என்பதை ஈண்டுக் கருத வேண்டும்.

அந்நிலையில் முதலில் முன்வந்தது நம் சென்னை மாகாணமே. 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்தில், பெண்களை வாக்காளராக ஏற்கும் தீர்மானம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. பிரிட்டிஷ் மாகாணங்களுள் இதுவே முதல். அதற்கு முந்திய ஆண்டிலேயே திருவிதாங்கூர் சமஸ்தானம் அவ்வுரிமையை வழங்கியிருந்தது. பம்பாய் 1921-லேயே சென்னையைப் பின்பற்றியது. வங்காளம் அவ்வாண்டில் மறுத்து 1925-இல் இசைந்தது. பீகார், ஒரிஸ்ஸா மாகாணம் 1929 வரை தாமதித்தது. நாம் இன்று வாழும் இம் மைசூர் நாட்டிலும் 1923-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்போது பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. தென்னாடு இவ்வகையில் வழிகாட்டியாய் நின்றது என்பது நமக்கெல்லாம் பெருமிதம் தருவதாகும்.

எனினும் அவ்வுரிமை மிகக் குறுகியது என்பதையும் மறைத்தல் கூடாது. சொத்தும் வரியும் உடையார்க்கே வாக்கு. நம் நாட்டுப் பெண்களுள் தம் பெயரில் சொத்துடையார் எத்துணைப் பேர்? ஆதலின் 1923-இல் சென்னை மாகாணத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த பெண்கள் மிகச் சிலரே. ஆயினும் பெண் என்பதே ஒரு தகுதிக்குறைவு என்னும் வாசகம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. அதுவே அம்மையார் வேண்டிய முதற்படி.

பிற தொண்டுகள்

அம்மையாரின் பணிகள் பலதிறப்பட்டன. 1919-20-இல் மங்களூரில் தேசியப் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியராக விளங்கினார். 1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியபோது, ஜனகணமன பாடலின் இசையமைப்பை இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர் இசை கற்ற மார்கரெட்டே. 1922-இல் இந்தியாவின் முதற் பெண் மாஜிஸ்திரேட்டாகவும் அமர்ந்தார்.

வாக்களிக்கும் உரிமை வந்த பின்னர், சபையில் அமரும் உரிமைக்காகவும் சங்கம் முயன்றது. அது கிட்டிய 1926-ஆம் ஆண்டிலேயே, மங்களூரைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரைச் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நிற்குமாறு தூண்டி, அவர்க்காக உழைத்தார் மார்கரெட். கமலாதேவி சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். எனினும் தேர்தலில் நின்ற முதற் பெண்மணிகளுள் ஒருவர் என்னும் புகழ் அவருக்குண்டு. அடுத்து, புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரை இந்திய மாதர் சங்கம் முன்மொழிய, அவர் சட்டசபை உறுப்பினராக நியமனம் பெற்று 1927-இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் அங்கு ஆற்றிய தொண்டினைத் தமிழுலகம் நன்கறியும். வாக்குச் சீட்டினால் என்ன பயன் என்று வினவினோர்க்கு அதுவே விடையாயிற்று.

1927 ஜனவரியில் புனா நகரில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடு மார்கரெட் எழுதிய சுற்றறிக்கைக் கடிதங்களால் விளைந்ததாகும். டெல்லியில் 1932-இல் தோன்றிய லேடி இர்வின் கல்லூரி அம்மாநாட்டின் பயனாம். பெண்களின் திருமண வயதை 14 என வரையறுத்த 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டத்திற்கும் அம்மாநாட்டினர் அரும்பாடுபட்டனர்.

வேலூர்ச் சிறை

1932-இல் அரசாங்கம் அவசரச் சட்டங்களால் பேச்சுரிமையை ஒடுக்கிய காலை, சென்னையில் அவற்றைக் கண்டித்துப் பொதுவில் பேசினார் அம்மையார். அப்போது அவருக்கு வயது 54. தண்டனை ஓராண்டுச் சிறை. அதனை வேலூர்ப் பெண்கள் சிறையில் கழித்தார். லண்டனிலும் அயர்லாந்திலும் தம் நாட்டுப் பெண்களுக்காகச் சிறை சென்றவர், நம் நாட்டின் உரிமைக்காகவும் சிறை சென்றார். நன்றி மறவாத தமிழர் இச்செய்தியை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

இந்திய மகளிரே தலைமை தாங்கத் தக்கவர்களாக வளர்ந்துவிட்டதைக் கண்டு, அம்மையார் தாமாகவே சற்று ஒதுங்கி நிற்கலானார். தாம் வளர்த்த சங்கத்தில் தமக்கே நாற்காலி வேண்டும் என்று எண்ணாத அப்பண்பு சங்கங்கள் நடத்துவோர் அனைவரும் போற்றத்தக்கது.

பெயரின் கதை

இனி நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வயது வந்த ஆண், பெண் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்று மாதர் சங்கங்கள் 1931-இல் ஒன்று கூடிக் கேட்டன. ஆனால் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு தரவில்லை. பல மாகாணங்களில் எழுத்தறிந்த பெண்களுக்கும், சொத்துள்ளவரின் மனைவி என்ற முறையில் சிலர்க்கும் வாக்களித்தது. சுமார் 60 இலட்சம் பெண்கள் வாக்காளராயினர்; ஆடவரோ அவர்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இன்னாரின் மனைவி என்பது தகுதியாயிற்றேயன்றித் தான் ஒருத்தி என்பது தகுதியாகவில்லை.

1950-இல் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்மையார் முப்பதாண்டுகளுக்கு முன் கேட்டதற்கும் மேலாக, வயது வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் நேர்ந்தது யாது? பட்டியல் எழுத வந்தவர்களிடம் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் செய்தனர். சொந்தப் பெயரின்றி எவரையும் பதிய இயலாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. வட மாநிலங்களிலேயே இது மிகுதி. சட்டம் கொடுத்ததைக் கூச்சம் பறித்துக் கொண்டது எனலாம். அடுத்த தேர்தல்களுக்கு முன் மாதர் சங்கங்களும் அதிகாரிகளும் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்த பின்னரே அந்நிலை சீர்ப்பட்டது.

கடந்த காலக் கதைதானே என்று நாம் இருந்துவிடலாகாது. நம் காலனிக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஈரோட்டிலிருந்தும், ஜோலார்பேட்டையிலிருந்தும், திருச்சியிலிருந்தும் மாற்றலாகி இங்கு வந்தவர் நாம். மாற்றல் உத்தரவு வந்தவுடன் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வாங்குகிறோம். எரிவாயு இணைப்பை மாற்றுகிறோம். ரேஷன் அட்டைக்கு ஓடுகிறோம். இல்லத்தரசியின் பெயர் வாக்காளர் பட்டியலில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்போர் எத்துணைப் பேர்? மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த ஊரிலும், ஓய்வு பெற்று மகனோடு வந்து தங்கிய தாயாரின் பெயர் பழைய ஊரிலும் கிடக்கின்றன. அங்கே போய் வாக்களிக்கவும் இயல்வதில்லை. இங்கே பெயரும் இல்லை. 28 இலட்சம் பெண்கள் கூச்சத்தால் இழந்ததை நம் வீட்டுப் பெண்கள் நம் அயர்ச்சியால் இழக்கின்றனர்.

நம் குவார்ட்டர்ஸ் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையில் இருப்பது பெரும்பாலும் வேலை பார்ப்பவர் பெயரே. கையால் எழுதிய பழைய ரயில்வே பாஸ்களில் வீட்டுத் தலைவி, மனைவி என்ற ஒரு சொல்லாகவே பயணம் செய்து வந்தாள். வாக்காளர் பட்டியலிலோ அவள் தன் சொந்தப் பெயரில், தன் சொந்த எண்ணோடு விளங்குகிறாள். அந்த ஒரு வரியைப் பெற்றுத் தரவே ஒரு பெருமாட்டி கடல் கடந்து வந்து, திரும்பி வந்த மனுவை மீண்டும் எழுதினார்.

இறுதிக் காலம்

வாழ்வின் கடைசிப் பத்தாண்டு அம்மையார் வாத நோயாற் படுக்கையிற் கிடந்தார். தம்பதியர் இருவரும் சேர்ந்தெழுதிய வாழ்க்கை வரலாறு 1950-இல் வெளிவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் கோடிக்கணக்கான பெண்கள் முதற் பொதுத் தேர்தலில் வாக்களித்த செய்தியைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 1954-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள் அடையாற்றில் அவர் இயற்கை எய்தினார். ஈராண்டுகளுக்குப் பின் கணவரும் மறைந்தார்.

நம் கடமை

அம்மையார்க்குச் சிலை எழுப்பும் ஆற்றல் நம் போன்ற சிறு சங்கத்திற்கு இல்லை. ஆனால் அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் ஒன்றை நாம் எழுப்பலாம். ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம் என்பதும், வாழும் ஊரிலேயே பதிந்து கொள்ளலாம் என்பதும் சட்டம். இடமாற்றத்திற்கென்று தனிப் படிவமும் உண்டு. அதனை நிரப்ப அரை மணி நேரம் போதும். ஓய்வுநாள் ஒன்றில் நம் சங்கக் கட்டடத்தில் மேசையிட்டு அமர்ந்து, படிவம் நிரப்ப அறியாத தாய்மார்க்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கலாம். கன்னடம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் பட்டியலைப் படித்துக் காட்டலாம். அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் காலனியில் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு பெண்மணியின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது என்று நம் செயலாளர் அறிக்கையில் வாசிக்கும் நிலை வருமாயின், அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.

வாழ்க மார்கரெட் கசின்ஸ் அம்மையார் புகழ்! வளர்க நம் சங்கம்!